மலை மடிந்த காலத்தை அளக்க: சிர்கானா, மொனசைட்டா?

இலங்கையின் கிழக்கே, மகா ஓயா வெந்நீர் ஊற்றுகளுக்கு மேற்கே எடுத்த, கார்னெட் என்ற கனிமம் உள்ள கல் ஒன்று, மட்டக்களப்புப் படுவான்கரையில் எடுத்த சாம்பல்நிற நைஸ் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய வரிப் பாறை) ஒன்று. என் ஆய்வுக்கு இவை இரண்டும்தான் மூலதனம். கையில் இருந்த பணமோ ஒரே கனிமத்தை அளக்கத்தான் போதும். சிர்கானும் மொனசைட்டும் கல்லுக்குள் சிறு மணிகளாக இருக்கும் கனிமங்கள். அவற்றிலுள்ள யுரேனியமும் தோரியமும் மெல்ல ஈயமாக மாறுவதால், சேர்ந்த ஈயத்தை வைத்து வயதைக் கணக்கிடலாம். நான் மொனசைட்டை எடுத்தேன்.

வயது சொல்லும் இன்னொரு கனிமமான கருமைக்காவை (கரிய மைக்கா) முதலிலேயே விட்டுவிட்டேன். கல் ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு ஆறிய பிறகுதான் அதற்குள், பொட்டாசியம் சிதைந்து உண்டாகும் ஆர்கன் வாயு தங்கும். மலை எப்போது ஆறியது என்பதை அது சொல்லும். எப்போது வெந்தது, எப்போது மடிந்தது என்பதைச் சொல்லாது.

சிர்கானுக்கு இருக்கும் நற்பெயருக்குக் காரணம் உண்டு. 900 பாகையிலும் ஈயத்தை இலேசில் விடாது. நம் கிழக்கின் விஜயன் தொகுதிப் பாறைகள் 1,000 முதல் 1,100 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் குழம்பாகப் பிறந்தவை என்பது சிர்கான் மணிகளின் நடுக்கருவிலிருந்து தெரிந்ததுதான். கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, சுமார் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அதே மணிகளைச் சுற்றிப் புதிய விளிம்பு வளர்ந்தது. சிக்கல் அங்கேதான். விளிம்பு பல மணிகளில் மிக மெல்லியது. வயதை அளக்கப் பாய்ச்சும் லேசர்ப் புள்ளி நடுக்கருவிலும் கொஞ்சம் பட்டால், எந்த நிகழ்வுக்கும் சேராத ஒரு கலப்பு வயது வரும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: மணி கல்லுக்குள் எங்கே இருக்கிறது என்பது. சிர்கானைப் பெரும்பாலும் கல்லை இடித்து, சலித்துத்தான் பிரிக்கிறோம். வயது கிடைக்கும், இடம் போய்விடும். மொனசைட்டை, கண்ணாடியில் ஒட்டி 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்த சீவலில், இருந்த இடத்திலேயே அளக்கலாம். அதில் தோரியம் நிறைய, பிறக்கும்போதே ஒட்டிவந்த ஈயம் மிகக் குறைவு. அதனால் இலத்திரன் நுண்ணாய்வுக் கருவியே போதும், செலவும் குறைவு. கார்னெட்டுக்குள் சிறைப்பட்ட மணி, கார்னெட் அதை மூடுவதற்கு முன் வளர்ந்தது. கல்லின் வரி ஓடும் திசையில் நீண்டு, இரு நுனியிலும் புதிதாக வளர்ந்த மணி, மடிப்பு நடந்த காலத்தையே காட்டக்கூடும். மொனசைட்டிலுள்ள இட்ரியம் என்ற தனிமத்தையும் பார்க்க வேண்டும். கார்னெட் வளரும்போது இட்ரியத்தை இழுத்துக்கொள்ளும், சிதையும்போது திருப்பிவிடும். ஆகவே இட்ரியம் கூடிய விளிம்பு, கார்னெட் கரைந்த கட்டத்தில் வளர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். வெறும் வயதாக இல்லாமல், உருமாற்றத்தின் எந்தப் படியில் அந்த வயது என்றும் தெரிகிறது.

குறையும் உண்டு. சுடுநீர்மம் ஊடுருவினால் மொனசைட் கரைந்து மீண்டும் படியும். அப்போது கிடைப்பது மலை மடிந்த காலமல்ல, நீர்மம் வந்த காலம். இரண்டையும் பிரித்தறியும் அளவுக்கு நான் இன்னும் போதுமான சீவல்கள் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தப் படுவான்கரைக் கல். கல்சியம் கூடிய நைசுகளில் மொனசைட்டின் இடத்தை அலனைட் என்ற வேறொரு கனிமம் பிடித்துக்கொள்வதுண்டு. அந்தக் கல்லின் என் சீவல்களிலும் மொனசைட் ஒரு மணிகூட இல்லை. அந்தக் கல்லுக்குச் சிர்கான்தான். அடுத்த முறை பணம் சேர்ந்ததும் அதை அனுப்புவேன், இடிக்காமல், சீவலாகவே.