பெட்ரோல் காரா, மின்சாரக் காரா?

மின்சாரக் கார் வாங்கிய நண்பர்களிடம் காரணம் கேட்டால், முதலில் வருவது செலவுக் கணக்குதான். சென்னை நெரிசலில் லிட்டருக்கு 13 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய் தாண்டும். மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் 7 கி.மீ. ஓடினால், யூனிட் 10 ரூபாய் என்றாலும் ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். தினம் 40 கி.மீ. ஓட்டுபவருக்கு மாதம் சுமார் 7,500 ரூபாய் மிச்சம்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சாயங்கால ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் விண்விண் என்று தெறிக்கும். மின்சாரக் காரில் கிளட்சே இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே வேகம் குறையும். அந்த வேகத்தின் ஒரு பகுதி மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்பும். நிற்கும்போது எஞ்சின் அதிர்வு இல்லை, புகை இல்லை. பக்கத்தில் பைக்கில் குழந்தையோடு நிற்பவருக்கும் அது நல்லதுதானே!

ஊர்ப் பயணம் என்று வந்தால் பெட்ரோலுக்கே கை ஓங்கும். திருநெல்வேலி 600 கி.மீ.க்கு மேல். பங்க்கில் ஐந்து நிமிட வேலை. சார்ஜிங்கில் முக்கால் மணி நேரம்கூடப் போகும். 80 சதவீதத்துக்கு அப்புறம் சார்ஜ் ஏறும் வேகமும் குறையும். பொங்கல் சமயத்தில் வரிசை வேறு.

சொந்த பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருந்தால் தயங்காமல் மின்சாரக் கார் வாங்குங்கள். அது இல்லாத அடுக்குமாடிவாசிகளுக்கு, இப்போதைக்குப் பெட்ரோலே சரி.