கேட் ஸ்கேல் எடை மேடை: இழுக்கிற வண்டி தாங்குமா?

செலவு சுமார் 15 டாலர். வண்டியை மேடையில் ஏற்றி, சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கப் பத்து நிமிஷம். பெரிய கேம்பிங் ட்ரெய்லர் வாங்கிய முதல் வாரமே செய்திருக்க வேண்டிய வேலை, நான் ஒரு வருஷம் கழித்துத்தான் செய்தேன்.

கேட் ஸ்கேல் (CAT Scale) என்பது அமெரிக்க நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்களில் இருக்கும் எடை மேடை. 1977ல் அயோவாவில் வால்காட் என்ற ஊரில் ஆரம்பித்தது, இப்போது 2,000க்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. லாரிக்காரர்களுக்காக வைத்ததுதான், ஆனால் யார் வேண்டுமானாலும் வண்டியை ஏற்றலாம்.

என்னுடையது முக்கால் டன் ரக டீசல் பிக்கப் (அது ரகத்தின் பெயர்தான், எடைக் கணக்கு அல்ல), நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ். கம்பெனிப் பெயர் வேண்டாம். எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 எதை எடுத்தாலும் டீசலில் கதை ஏறக்குறைய இதுதான். வாங்கும்போது விற்பனையாளர் வீட்டையே கட்டி இழுக்கலாம் என்றார், இழுவைத் திறன் 18,000 பவுண்டு என்று காட்டினார். நாங்கள் வாங்கிய ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் (பிக்கப்பின் தொட்டிக்குள் மாட்டும் ரகம்) முழு லோடில் 12,900 பவுண்டுதான். ஐயாயிரம் பவுண்டு மிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாக ஒரு வருஷம் டெக்சாஸ் முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தோம். எஞ்சினும் ஒரு நாள்கூட மூச்சு வாங்கவில்லை, அதுதான் என்னை ஏமாற்றியது.

வண்டிமாடு ஒரு டன் பாரத்தை இழுத்துக்கொண்டு போகும், அதே பாரத்தை முதுகில் ஏற்றினால் படுத்துவிடும். பிக்கப்பிலும் இழுப்பது ஒரு கணக்கு, சுமப்பது இன்னொரு கணக்கு. ட்ரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரத்தில் இறங்குவதில்லை. பின்னால் கொக்கியில் மாட்டும் ட்ரெய்லர் என்றால் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வண்டியின் மேல் உட்காரும். தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் என்றால் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை போகும். அது உங்கள் பேலோடிலிருந்து, அதாவது வண்டி சுமக்கக்கூடிய எடையிலிருந்து, கழிகிறது. விளம்பரத் தாளில் அந்த எடையைப் போட்டிருப்பார்கள், ஆனால் அது பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர், துணிமணி, குக்கர் எதுவும் இல்லாத காலி ட்ரெய்லரை வைத்துப் போட்ட கணக்கு.

பேலோடு எவ்வளவு என்று விளம்பரத்தில் தேடக் கூடாது, டிரைவர் கதவைத் திறந்து தூணைப் பார்க்க வேண்டும். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று. அது அந்த ஒரு வண்டிக்கே உரிய எண். என்னுடையதில் 2,050. வண்டியின் மொத்த அனுமதி எடை 10,000, அதில் கனமான டீசல் எஞ்சினும் நான்கு கதவும் ஃபோர் வீல் டிரைவும் போக மிஞ்சியது அவ்வளவுதான். அதே வண்டியைப் பெட்ரோலில் வாங்கியிருந்தால் இழுப்பது குறைந்திருக்கும், சுமப்பது கூடியிருக்கும். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, மேடைக்கு வருவோம். டல்லாஸுக்குத் தெற்கே ஐ-35 மேல் ஒரு ட்ரக் ஸ்டாப், ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று தனித்தனித் தட்டுகள்: முன் சக்கரம் முதலில், பின் சக்கரம் இரண்டாவதில், ட்ரெய்லர் சக்கரம் மூன்றாவதில் நிற்க வேண்டும். அழைப்புப் பொத்தான் லாரி டிரைவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது, நான் இறங்கிப் போய் எக்கி அழுத்தினேன். முதல் எடையா, மறு எடையா என்று ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். பின்னால் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று காத்திருக்க, பதற்றத்தில் நம்பர் பிளேட்டை இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். இதற்கென்றே ஆப் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

நம் ஊர் எடை மேடையில் வெற்று வண்டி, லோடு வண்டி என்று இரண்டு தடவை போடுவார்களே, அதேதான். முதலில் ட்ரெய்லரோடு, பிறகு அதை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு வண்டி மட்டும், குடும்பம் உள்ளேயே உட்கார்ந்திருக்க. 24 மணி நேரத்துக்குள் அதே மேடையில் மறு எடைக்குச் சில டாலர்தான்.

வண்டி மட்டும் 8,700. ட்ரெய்லரோடு முன் சக்கரம் 4,920, பின் சக்கரம் 6,180, ஆக 11,100. அனுமதி 10,000! பின் அச்சின் வரம்பு 6,200, அதில் இருபது பவுண்டு பாக்கி. ட்ரெய்லர் 2,400 பவுண்டை வண்டியின் முதுகில் வைத்திருக்கிறது, நாங்கள் நால்வரும் ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச்சும் ஜெனரேட்டரும் ஏற்கெனவே 750. பிள்ளைகளை இறக்கி நடந்து வரச் சொல்லலாமா என்று மனைவி கேட்டாள். இழுவைத் திறன் சோதனையில் டிரைவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் தலைக்கு 150 பவுண்டு என்றுதான் கணக்கு, எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு என்னிடமே அடிபட்டுப் போகும்.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போட்டால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆகாது. வண்டியின் பின்பக்கம் நிமிரும், ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட மாறாது. தண்ணீரை வடித்துவிட்டுப் போகலாம், ஒரு கேலன் எட்டேகால் பவுண்டுக்கு மேல், அறுபது கேலன் என்றால் ஐந்நூறு. (கேம்ப் மைதானத்தில் குழாய் இருக்கும்போது வீட்டுத் தண்ணீரை ஏன் சுமந்தோம் என்பது தனிக் கதை.) ஆனால் எங்கள் டேங்க் ட்ரெய்லர் அச்சுக்கு மேலேயே இருப்பதால் வண்டியின் முதுகில் பெரிதாக எதுவும் குறையாது.

அடுத்த பெரிய ரகமான ஒரு டன் ட்ரக்குக்கு மாறுகிற வசதி இல்லை. ட்ரெய்லரைத்தான் விற்றோம், 7,500 பவுண்டில் பின்னால் மாட்டும் ரகம் ஒன்று வாங்கினோம். முதல் பயணத்துக்கு முன்பே மேடையில் ஏற்றினேன், பிக்கப் 9,480.

எடை தப்பு என்று அரசு அபராதம் போட்டால் அதைக் கட்டுவோம் அல்லது கோர்ட்டுக்கு வருவோம் என்று கேட் ஸ்கேல் உத்தரவாதம் தருகிறது, அது லாரிக்காரர்களுக்குத்தான் பெரிய விஷயம். சீட்டோடு அலங்கார லாரிப் படம் போட்ட கார்டு ஒன்றும் தருகிறார்கள். அதற்காகவே சின்னவன் அடுத்த எடை எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.