பழைய ஐ5 டெஸ்க்டாப்பில் மூன்று மானிட்டர்: குவாட்ரோ பி620 கிராபிக்ஸ் கார்டு பயன்படுத்திய அனுபவம்

டெல்லியில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். கரோல்பாக்கில் சில சின்னக் கடைகளின் ஜிஎஸ்டி வேலை என் பொறுப்பு. சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி மாதம் 14ஆம் தேதி வந்துவிடும், 20ஆம் தேதிக்குள் மாதாந்திர வரிக் கணக்கான 3பி போட்டாக வேண்டும். இடைப்பட்ட நாட்களில் ஒரு திரையில் கணக்கு மென்பொருளான டேலி, இன்னொன்றில் 2பியின் எக்செல், மூன்றாவதில் பில் பிடிஎஃப் என்று திறந்துவைத்து, சப்ளையர் சப்ளையராக ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரே மானிட்டரில் இதைச் செய்தால் ஆல்ட்-டேப் அடித்தே விரல் தேய்ந்துவிடும்.

கம்ப்யூட்டர் பழையது: ஐ5-4570 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 16 ஜிபி ராம், பிற்பாடு போட்ட எஸ்எஸ்டி. டேலிக்கும் எக்செலுக்கும் இன்றைக்கும் தாராளம். இடிப்பது போர்டுதான். 4570க்குள் இருக்கும் எச்டி 4600 கிராபிக்ஸ் மூன்று திரைகளை ஓட்டக்கூடியது, ஆனால் எச்81 சிப்செட் இரண்டோடு நிறுத்திவிடும். அதே காலத்து பி85, எச்87 போர்டு வைத்திருந்து, பின்பக்கம் மூன்று போர்ட்டும் இருந்தால் தனி கிராபிக்ஸ் கார்டே தேவைப்படாமல் போகலாம். காசை எடுப்பதற்குமுன் டார்ச் அடித்து அதைப் பார்த்துவிடுங்கள்.

எனக்குக் கார்டு தேவைப்பட்டது. ஆனால் எந்தக் கடையில் கேட்டாலும், யூடியூபில் தேடினாலும், கேமிங் பேச்சுதான். வினாடிக்கு எத்தனை படம் (எஃப்பிஎஸ்) வரும் என்பார்கள்; எத்தனை மானிட்டர் மாட்டலாம் என்பதற்குப் பதில் இருக்காது. 1920×1080 திரையின் ஒரு முழுப் படம் மெமரியில் சுமார் 8 எம்பிதான் பிடிக்கும். மூன்று திரைக்கும் சேர்த்தால்கூட அது ஒரு பொருட்டே இல்லை. அசையாத எக்செல் கட்டங்களைக் காட்ட வலிமையான கார்டு வேண்டாம், வேண்டியது போர்ட்.

இந்தக் கண்ணோடு பார்த்ததும் பட்டியல் சுருங்கிவிட்டது. ஜிடி 1030இல் இரண்டே போர்ட். ஆர்எக்ஸ் 6400இலும் இரண்டுதான். அதோடு அது போர்டோடு தகவல் பரிமாற நாலு பாதை (லேன்) மட்டும் பயன்படுத்தும் கார்டு. எச்81இன் ஸ்லாட்டோ வேகம் குறைந்த பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0, அதில் இன்னும் குறுகிப்போகும். மலிவாகக் கிடைக்கும் ஜிடி 710 கெப்ளர் என்ற பழைய தலைமுறை, அதற்குப் புது வசதிகளோடு டிரைவர் வருவது 2021லேயே நின்றுவிட்டது. ஜிடிஎக்ஸ் 1650 நல்ல கார்டுதான், ஆனால் சில மாடல்களுக்கு தனியாக 6 பின் பவர் வேண்டும். என் பவர் சப்ளையில் (எஸ்எம்பிஎஸ்) அந்த ஒயரே கிடையாது. ஸ்லாட் வழியாகக் கிடைக்கும் 75 வாட்டுக்குள்தான் எல்லாம் முடிய வேண்டும்.

கடைசியில் எடுத்தது என்விடியா குவாட்ரோ பி620. 2018இல் வந்த ஆபீஸ் கார்டு, 2 ஜிபி மெமரி, 40 வாட், ஒரே ஸ்லாட் தடிமன், நான்கு மினி டிஸ்ப்ளே போர்ட். நேரு பிளேஸில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கும் கடையொன்றில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இந்த மாதிரிக் கார்டுகள் ஒல்லியான கேபினெட்டுகளிலிருந்து கழற்றி வருவதால் அரை உயரத் தகடுதான் மாட்டியிருக்கும். நம் வழக்கமான கேபினெட்டில் அது ஸ்க்ரூ ஓட்டைக்கே எட்டாது. "பாய் சாப், பெரிய தகடு இருந்தால்தான் எடுப்பேன்" என்று இந்தியில் நின்றுகொண்டதும், ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்துக்கொடுத்தார். நான்கு போர்ட்டையும் கடை மானிட்டரில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன், கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். பழைய ஜிடிஎஸ் 450க்குப் புதுப் பெயர் எழுதி 1050 டிஐ என்று விற்கிற வேலையெல்லாம் சந்தையில் நடக்கிறது. அந்த மென்பொருள் அதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கார்டு விலையோடு கணக்கு முடியாது. மினி டிஸ்ப்ளே போர்ட் என்பதால் ஒவ்வொரு மானிட்டருக்கும் கேபிளோ கன்வெர்ட்டரோ வேண்டும். ஹெச்டிஎம்ஐக்கு சாதாரண பாசிவ் வகையே போதும். என் மூன்றாவது மானிட்டர் விஜிஏ மட்டும் உள்ள பழைய 19 இஞ்ச். டிஸ்ப்ளே போர்ட்டில் அனலாக் சிக்னலே கிடையாது என்பதால், சிக்னலை மாற்றித்தரும் சிப் உள்ளேயே இருக்கிற கன்வெர்ட்டர்தான் அதற்கு வேலை செய்யும். இதில் மலிவானதை வாங்கினால் ஒரு கோடை தாங்குவதே கஷ்டம். என்னுடைய முதல் கன்வெர்ட்டர் ஜூன் மாதத்தில் திரையை இளஞ்சிவப்பாக்கி, அப்புறம் சிமிட்ட ஆரம்பித்தது. பார்த்தால் கார்டுதான் போய்விட்டது என்று தோன்றும். கன்வெர்ட்டரை அடுத்த போர்ட்டுக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே அங்கே போனால் கார்டு பிழைத்தது.

தினசரி வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் டேலி, வலது கையோரம் நெட்டுக்குத்தாகத் திருப்பிய 24 இஞ்சில் 2பி. நெட்டுக்குத்துத் திரையில் சப்ளையர் பட்டியல் எவ்வளவு நீளமாகத் தெரிகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் படுக்கைவாட்டுக்குத் திரும்ப மனம் வராது. ஒரே தொல்லை, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வரும் பயாஸ் எழுத்துகள் முதலில் அந்தத் திரையில்தான் வந்தன, கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டியிருந்தது. கேபிள்களை இடம் மாற்றியதும் நடுத்திரைக்கு வந்துவிட்டது. எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு: யூடியூபின் விபி9 வடிவ வீடியோவை இந்தக் கார்டே கையாள்வதால், முன்பு பாட்டு ஓடும்போது திணறிய பிராசஸர் இப்போது சும்மா இருக்கிறது.

எரிச்சல் தருவது டிஸ்ப்ளே போர்ட்டின் ஒரு குணம். அந்தக் கேபிளில் இருக்கும் மானிட்டரின் பட்டனை அணைத்தால், மானிட்டரையே பிடுங்கிவிட்டதாக விண்டோஸ் நினைத்துக்கொள்ளும். திறந்திருக்கும் விண்டோக்கள் எல்லாம் மிச்சமிருக்கும் திரையில் போய்க் குவிந்துவிடும். விண்டோஸ் 11இல் இதற்கு ஒரு செட்டிங் கொடுத்திருக்கிறார்கள், 10இல் இல்லை. சாப்பிடப் போகும்போது மானிட்டரை அணைக்காமல் கம்ப்யூட்டரை லாக் மட்டும் செய்துவிட்டுப் போகிறேன்.

அப்புறம் டெல்லிப் புழுதி. மே மாதக் காற்று ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். இந்தக் கார்டின் விசிறி ரொம்பச் சின்னது, தூசி படிந்தால் கொசு மாதிரி ரீங்காரம் கேட்கத் தொடங்கும். கோடை முடிந்ததும் கழற்றி, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு பிளோயர் அடித்து, இறக்கைகளின் ஓரத்தைப் பெயின்ட் பிரஷ்ஷால் துடைக்கிறேன். பிடிக்காமல் அடித்தால் விசிறி வெறிபிடித்துச் சுழன்று பேரிங் கெடும். வெப்பக் களிம்பை ஒரு தடவை மாற்றியதில் சத்தம் நன்றாகவே குறைந்தது.

டிரைவர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பி620 பாஸ்கல் தலைமுறை. அதற்குப் புது வசதிகள் சேர்ப்பதை என்விடியா நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். என் கணக்கில் அது பிரச்சினையே இல்லை. ஏனென்றால் விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இலேயே முடிந்துவிட்டது, 4570ஐ விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. கார்டுக்கு முன்னால் கம்ப்யூட்டர்தான் ஓய்வு பெறப்போகிறது. இன்றைக்குப் புதிதாகத் தேடுபவர் அடுத்த தலைமுறையான டி400ஐ விசாரிக்கலாம். 30 வாட், மூன்று மினி டிஸ்ப்ளே போர்ட். நான்கு திரை வேண்டுமென்றால் டி600. அரை உயரத் தகடு விவகாரம் அவற்றுக்கும் உண்டு.