பருத் தழும்புக்கு "ஆறு சிட்டிங் பேக்கேஜ்": பணம் கட்டும் முன் இதைப் படிங்க

கோவையிலிருந்து ஈரோடு, திருப்பூர் வரைக்கும் ஸ்கின் கிளினிக் பற்றிக் கேட்கிற புகார் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. டாக்டரைப் பார்க்கும் முன்னாடியே "கவுன்சிலர்" என்கிற கிளினிக்கின் விற்பனை ஊழியர் உட்கார வைத்துப் பேசுகிறார். "ஏனுங்க, ஆவணியில கல்யாணம்ங்கறீங்க, ஆறு சிட்டிங்ல சுத்தமா மறைஞ்சிருமுங்க. இன்னைக்கே கட்டுனா பாதி ரேட்டு." கையில் பணம் இல்லையென்றால் ஆதார், பான், ஒரு ஓடிபி, எழுந்து வரும்போது இஎம்ஐ தயார். ரசீதில் "ஸ்கின் பேக்கேஜ்" என்று ஒற்றை வரி. ஆறு சிட்டிங் முடிந்தபின் பள்ளம் அப்படியே இருக்கிறது, மேலே கட்டம் கட்டமாகக் கருப்பு வேறு.

இதில் மோசடி எங்கே என்றால், தழும்பின் வகையைப் பார்க்காமலே சிகிச்சையை விற்றுவிடுவதில். ஜன்னலோரம் நின்று வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி முகத்தைத் திருப்பி, கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்க.

இழுத்ததும் சமமாகிவிடுகிற, அலையலையான பள்ளம் ரோலிங் வகை. தோலுக்கு அடியில் நார்ப்பட்டைகள் கீழே பிடித்திழுத்துக்கொண்டிருக்கும். அவற்றை ஊசியாலோ, கேனுலா என்கிற மெல்லிய மழுங்கிய குழாயாலோ அறுத்துவிட வேண்டும். சப்சிஷன் என்பது அதுதான். ஒன்றிரண்டு வாரம் ரத்தம் கட்டியிருக்கும். நார் அறுபடாமல் மேலே எத்தனை லேசர் அடித்தாலும் பள்ளம் எழாது.

வாய் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகக் குறுகி, ஆழமாக இறங்குவது ஐஸ்பிக். சாதாரண லேசர் அதன் அடிவரை போகாது. 70 முதல் 100 சதவீத டிசிஏ (ட்ரைகுளோரோஅசிட்டிக்) அமிலத்தைக் கூரான குச்சி நுனியில் தொட்டு, ஒவ்வொரு துளைக்குள்ளும் மட்டும் வைப்பார்கள், உடனே வெள்ளையாகும். நாலு முதல் ஆறு வாரம் இடைவெளி விட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். இதே அமிலத்தை முகம் முழுக்கப் பூசினால் வெந்துபோகும், அதனால் ஆன்லைனில் பாட்டில் வாங்கி வீட்டில் முயலவே கூடாது.

விளிம்பு செங்குத்தாக, வட்டமாக இருப்பது பாக்ஸ்கார். ஆழம் குறைவென்றால் புள்ளி புள்ளியாகத் துளையிடும் ஃபிராக்ஷனல் சிஓ2 லேசர் அல்லது நுண்ணூசிகள் வழியே ரேடியோ அலைச் சூடு கொடுக்கும் மைக்ரோநீடிலிங் ஆர்எஃப், ஆழமென்றால் பஞ்ச் கருவியால் வெட்டித் தையல். தாடையிலும் மார்பிலும் மேடாகத் தடித்த தழும்புக்கு டிரையாம்சினலோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி. அங்கே லேசர் அடித்தால் மேடு இன்னும் வளரலாம். பள்ளமே இல்லாத வெறும் கரும் அடையாளம் தழும்பே அல்ல. சன்ஸ்கிரீனும் அசெலாயிக் ஆசிட் போன்ற க்ரீமும் சில மாதங்களில் குறைத்துவிடும். அதற்கும் பேக்கேஜ் விற்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

பெரும்பாலான முகங்களில் இரண்டு மூன்று வகை கலந்தே இருக்கும். ஆகவே எல்லாருக்கும் ஒரே மெஷினைக் காட்டுகிற இடம் தழும்பைப் பார்க்கவில்லை, மெஷினின் கடன் தவணையைப் பார்க்கிறது.

"லேசர்" என்று மட்டும் சொன்னால் மெஷினின் பெயரையும் அலைநீளத்தையும் கேளுங்க. சிஓ2 என்றால் 10,600 நானோமீட்டர். அடித்தபின் முகம் சிவந்து, நாலைந்து நாளாவது பொருக்கு கட்டும். "அரை மணி நேரத்தில முடிச்சுட்டு அப்படியே ஆபீஸ் போலாமுங்க" என்றால் அது பெரும்பாலும் கார்பன் பீல், அதாவது முகத்தில் கரிக்குழம்பு பூசி மேலே லேசர் அடிப்பது. எண்ணெய்ப் பிசுக்குக் குறையும், பள்ளம் நிரம்பாது. ஊசி பதித்த உருளையை முகத்தில் உருட்டும் டெர்மாரோலரிலும் இதே கதை. 0.5 மில்லிமீட்டர் ஊசி தழும்பைத் தொடாது, கன்னத்துக்கு 1.5 முதல் 2.5 வரை வேண்டும். ஊசித் தலை உங்கள் கண்முன் சீல் பிரிக்கப்படணும். ஒருவருக்குப் போட்டதை அடுத்தவருக்குப் போட்டால் ஹெபடைட்டிஸ் பி, எச்ஐவி வரை பரவலாம்.

"பிறகு" போட்டோவையும் நம்பாதீங்க. சிகிச்சை முடிந்த சில நாட்களுக்கு வீக்கத்தாலேயே பள்ளம் நிரம்பினாற்போல் தெரியும். நேர் எதிரே ரிங் லைட் வைத்தால் நிழல் விழாது, பள்ளமும் தெரியாது. பள்ளத்தை நிரப்பும் புதுக் கொலாஜன் (தோலின் நார்ப்புரதம்) உருவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஆரம்பிப்பது வீண். பாதிக்குப் பாதி குறைந்தாலே நல்ல பலன். நூறு சதவீதம் என்பவர் பொய் சொல்கிறார்.

நம் மாநிறத் தோலில் லேசரின் சக்தியும் அடர்த்தியும் கூடினால் கருத்துவிடும். டூவீலரில் வெயிலில் அலைகிறவர்கள் பங்குனி, சித்திரையைத் தவிர்ப்பது நல்லது. பொருக்கு உதிரும் வரை மஞ்சள் பூசாதீங்க, ஈரோட்டு மஞ்சளாகவே இருந்தாலும். புதுப் பரு வந்துகொண்டிருந்தால் முதலில் அதை அடக்கணும். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும்.

லேபிள் இல்லாத டப்பாவில் "எங்க ஸ்பெஷல் க்ரீம்" கொடுத்தால் வாங்காதீங்க. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு வாரம் முகம் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து சிவந்து, முடி முளைத்து, பருவும் திரும்பும். 2018 முதல் இவை டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய ஷெட்யூல் எச் பட்டியலில் உள்ளன.

சிகிச்சை செய்பவருக்குத் தோல் மருத்துவத்தில் எம்டி, டிஎன்பி அல்லது டிடிவிஎல் இருக்கிறதா என்று பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் தளத்தில் சரிபாருங்க. சில வார காஸ்மெட்டாலஜி சான்றிதழ் அதற்கு ஈடாகாது. கட்டும் முன் இன்னொரு கருத்து வேண்டுமென்றால் கோவை, சேலம், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுக்குப் போங்க.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? ஒவ்வொரு சிட்டிங்கிலும் என்ன செய்தார்கள், எந்த மெஷின், என்ன அளவு என்று எழுத்தில் கேளுங்க. ஒப்புதல் படிவத்தின் நகலையும் வாங்கி வைங்க. இஎம்ஐயைச் சும்மா நிறுத்தினால் கெடுவது உங்கள் சிபில் (கடன் மதிப்பெண்). ஆன்லைன் கடனில் அபராதமில்லாமல் விலகுவதற்கான அவகாசம் ஒரு நாளாவது உண்டு, அன்றைக்கே அசலைத் திருப்பிக் கட்டி ரத்து செய்தால் தப்பிக்கலாம். அது தாண்டிவிட்டால் பணம் திரும்பக் கேட்டுக் கிளினிக்குக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்க. அதற்கும் மசியாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.