நன்றிக்கும் ஆறுதலுக்கும் எது சரி: வாட்ஸ்அப்பா, மின்னஞ்சலா, கைக்கடிதமா?

அச்சடித்த வாழ்த்து அட்டையை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். பொங்கல் வாழ்த்து கொடிகட்டிப் பறந்த காலத்திலும், அட்டை ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்த இரண்டு வரியைத்தான் தேடிப் படித்தோம். மீதி மூன்று.

வேகத்தில் வாட்ஸ்அப்பை எதுவும் நெருங்க முடியாது. சாவுச் செய்தி வந்ததும் ‘கிளம்பிவிட்டேன்’ என்று சொல்ல அதுதான் வேண்டும். சிக்கல் அப்புறம்தான். குழுவில் ஆளாளுக்குக் கைகூப்பும் படத்தைப் போடுகிறார்கள். இழவு வீட்டுக்காரர் அத்தனைக்கும் பதில் போட வேண்டும். நீல டிக் விழுந்துவிட்டால் சும்மா இருக்கவும் முடியாது.

கைக்கடிதம் பதில் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதன் பெரிய பலமே இதுதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவெல்லாம் ஊர் திரும்பிய பிறகு, வெள்ளைத்தாளில் நாலு வரி வருகிறது: “மாமாதான் எனக்கு டிவிஎஸ் ஃபிஃப்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வாய்க்காலில் விட்டதைக் கடைசிவரை அப்பாவிடம் சொல்லவில்லை.” ‘ஆழ்ந்த இரங்கல்’ இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. கருமாதிக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடும் வழக்கம் உண்டு. இது பீரோவுக்குள் போகிற கடிதம்.

அலுவலகத்தில் கணக்கு வேறு. மேலாளருக்கும் நகல் போகிற பாராட்டு மின்னஞ்சல் சம்பள உயர்வு நேரத்தில் உதவும். கைக்குறிப்பு அதற்கு உதவாது. ஆனால் மனிதரைப் பிடித்துவைப்பது எது? அமெரிக்காவின் கேம்பெல் சூப் நிறுவனத்தை 2001 முதல் 2011 வரை நடத்திய டக் கோனன்ட், ஊழியர்களுக்குக் கையாலேயே 30,000-க்கும் மேல் நன்றிக் குறிப்புகள் எழுதினார். 2009-இல் கார் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்து ஊழியர்களின் குறிப்புகள் அவரைத் தேடி வந்தன. அவர் ‘நல்ல வேலை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதவில்லை. அந்த ஆள் செய்த காரியத்தைச் சொல்லி எழுதினார். நம் அலுவலகத்திலும் ஃபைல் மேல் ஒட்டிய மஞ்சள் சீட்டில், “ஜிஎஸ்டி நோட்டீஸுக்குப் பழைய பில்லைத் தேடி எடுத்தீர்களே, அதனால்தான் தப்பித்தோம்” என்று இருந்தாலே போதும்.

கைக்கடிதக்காரர்களுக்கு ஒரு குட்டு. நன்றிக் கடிதம் எழுதுபவர்கள், அது பெறுபவரை எவ்வளவு மகிழ்விக்கும் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி இருவரும் 2018-இல் காட்டிய ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அதில் கடிதங்கள் போய்ச் சேர்ந்தது மின்னஞ்சலில்! ஆக, சொல்ல விஷயம் இருந்தால் மின்னஞ்சலும் வேலை செய்யும். விஷயமே இல்லாவிட்டால் முத்து முத்தான கையெழுத்தும் கைகொடுக்காது.

செலவு ஒரு பொருட்டே இல்லை. தபால் கார்டு 50 காசு, 20 கிராம் வரை உறைக்கு 5 ரூபாய். நன்றிக்குக் கார்டு போதும். ஆறுதலை உறைக்குள் வைத்து ஒட்டுங்கள், தபால்காரர் படிக்க வேண்டாம். இன்றைக்கு உண்மையான தடை முகவரிதான். நெருங்கிய நண்பரின் கதவு எண்ணும் பின்கோடும் நம்மில் பலருக்குத் தெரியாது. அதைக் கேட்டு வாங்க வாட்ஸ்அப்தான் சரி.