ஓடாமலே ஏறிய ஆயிரம் கிலோமீட்டர்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஒன்பது வருஷமா அந்த வண்டியத்தான ஓட்டுற, பழசுல ஒண்ணு வருது, வாங்கலாமா?" 100 சிசி வண்டி. நம் பக்கம் தெருவுக்கு நாலு நிற்கும். எஞ்சின் எப்படி, சீட் எப்படி என்று நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. நான் சொல்ல வேண்டியது அதன் ஸ்பீடோமீட்டரைப் பற்றி. ஒரு வருடம் முழுக்க என் மனதை அரித்தது அதுதான்.

எனக்கு வீடு உச்சிப்புளிப் பக்கம், வேலை ராமநாதபுரத்தில். வாரம் ஒருமுறை பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம். வருடம் முழுக்க உப்புக் காற்று. ஏழாவது வருடம் மீட்டர் கேபிள் அறுந்தது. உள்கம்பியை உருவினால் கையெல்லாம் செம்மண் பூசினாற்போல் துரு. முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் அந்தக் கேபிளைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம், பினியன், அதுவும் பல் மழுங்கிக் கிடந்தது. கடையில் கேபிளையும் பினியன் செட்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். முள் ஆடாமல் எழும்பி நின்றது. ஒரு வருடமாக 62 கொடுத்துக்கொண்டிருந்த மைலேஜ் அந்த மாதமே 68 ஆனது. கார்புரேட்டரும் கழற்றிச் சுத்தம் செய்திருந்ததால் அதன் பலன் என்று நம்பினேன். பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

சந்தேகம் வந்தது தினப்படி ஓட்டத்தில். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்த் திரும்பினால் ஏழு வருடமாக 34 கி.மீ. இப்போது 37-ஐத் தாண்டிக் காட்டியது. ஊரும் நகரவில்லை, ரோடும் மாறவில்லை. அப்புறம் பாலத்தில் ஒரு நாள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அங்கே நான் 40-க்கு மேல் போவதில்லை. காற்று பக்கவாட்டில் வண்டியைப் பிடித்துத் தள்ளும். முள் 40-இல் நிற்கிறது, பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. முன்பெல்லாம் அதே 40-இல் யாரும் அப்படி அடித்ததில்லை.

கடைக்குப் போய்ச் சொன்னேன். "முள்ளு நிக்குதுல்ல, அப்புறம் என்னண்ணே?" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. முள் நிற்பது வேறு, சரியாக நிற்பது வேறு.

முதலில் மைல்கல்லை வைத்துப் பார்த்தேன். உச்சிப்புளியிலிருந்து மண்டபம் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்கள் ஒழுங்காக நிற்கும் இடம் ஒன்று உண்டு. விடிகாலையில் போக்குவரத்து இல்லை. முள்ளை 60-இல் நிறுத்திக்கொண்டு ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை நேரம் பார்த்தால் சரியாக 60 வினாடி ஆக வேண்டும். 71 வினாடி ஆனது. 3600-ஐ 71-ஆல் வகுத்தால் 51 கி.மீ. கூட வரவில்லை.

செல்போன் ஆப்பும் 51 என்றுதான் சொன்னது. எனக்கு அது போதவில்லை. மண்டபத்தில் படகில் போகும் என் மச்சினனிடம் கையடக்க ஜி.பி.எஸ். இருக்கிறது. இருட்டிலும் கடலில் இவர்களைக் கரை சேர்ப்பது அதுதான், எல்லையைத் தாண்டிவிடாமல் காப்பதும் அதுதான். அதைவிட நம்பத் தகுந்த கருவி எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். அது நாட் கணக்கில் காட்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. நான் முள்ளை 60-இல் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு மாப்பிள?" என்று கத்துவேன். அவன் காதருகே குனிந்து, "இருபத்தேழரை மச்சான்! அதுக்கு மேல ஏறல!" என்பான். மூன்று முறை போனோம், மூன்று முறை வந்தோம். ஆறு தடவையும் 27.5-ஐ ஒட்டித்தான். பெருக்கினால் 50.9.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேபிள் மீட்டருக்குள் இரண்டு வேலை நடக்கிறது. கிலோமீட்டர் எண்கள் பல்சக்கரத்தால் ஓடுகின்றன. முள்ளோ, கேபிள் சுழற்றும் காந்தம் ஒரு அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்க, அந்த இழுபறியில் நிற்கிறது. முள் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது குறையே இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதி 39 அப்படித்தான் வைத்திருக்கிறது: உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, பத்து சதவீதமும் அதற்கு மேல் கொஞ்சமும் கூட்டிக் காட்டலாம். ஆனால் கிலோமீட்டர் எண்ணும் சேர்ந்து கூடினால் கோளாறு மீட்டரில் இல்லை, கீழே ஹப்பில். மைல்கல் கணக்கில் பத்து கி.மீ. ஓட்டினேன், எண் 11 ஏறியது. ஆக, பத்து சதவீதம் பினியனுடையது. மீதி ஏழு சதவீதம் முள்ளின் பிறவிக் குணம்.

கேபிளை மீட்டர் பக்கம் கழற்றி, வெளியே நீட்டிய உள்கம்பியின் நுனியில் துண்டு இன்சுலேஷன் டேப்பைக் கொடிபோல் ஒட்டினேன். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, வால்வைக் குறியாக வைத்துக் கையால் பத்துச் சுற்று சுற்றினேன். கொடி 29 முறை சுற்றியது. பிறகு பரமக்குடியில் ஒரு உதிரிபாகக் கடையில் என் மாடலுக்கும் டயர் அளவுக்கும் உரிய செட்டைக் கேட்டு வாங்கி மாட்டிச் சுற்றினேன். 26-ஐத் தாண்டி அரைச் சுற்றுக்குள் நின்றது. இரண்டு செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெளியே வித்தியாசம் தெரியாது. அதே வெள்ளைப் பிளாஸ்டிக், அதே அளவு. உள்ளே பல் கணக்கு வேறு. பெரிய சக்கர வண்டிக்கானதை எடுத்து எனக்குப் போட்டிருக்கிறார்கள். செலவு 240 ரூபாய், மாட்டிய கூலி இல்லை.

இப்போது பத்துக் கல்லுக்குப் பத்து கி.மீ. முள் 60-இல் நிற்கும்போது 30 நாட்டுக்குச் சற்று மேல், அதாவது 56 கி.மீ. இதற்கு மேல் நான் சரி செய்யவில்லை, நீங்களும் செய்ய வேண்டாம். முள்ளைப் பிடுங்கி நாலு கோடு கீழே குத்தித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். 60-இல் அது சரியாக இருக்கும். ஆனால் இந்தப் பிழை சதவீதக் கணக்கில் வருவது. உண்மையில் 19-இல் போகும்போது 16 என்று குறைத்துக் காட்டும். அது கூட்டிக் காட்டுவதைவிட மோசம்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் மைலேஜ். அந்த 68-ஐ 1.1-ஆல் வகுத்தால் அதே பழைய 62. ஒரு வருடம் பொய்க் கணக்குக்குச் சந்தோஷப்பட்டிருக்கிறேன், மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அந்த வருடம் மீட்டரில் ஏறியது ஏறக்குறைய 11,000. அதில் ஆயிரம் வண்டி ஓடவே இல்லை. ஒவ்வொரு ஆயில் மாற்றமும் முன்கூட்டியே செய்தது, அது போகட்டும். "கிலோமீட்டரப் பின்னால சுத்தி வச்சிரலாமா?" என்று ஒரு மெக்கானிக் கேட்டார். வேண்டாம் என்றேன். நாளைக்கு யாராவது வாங்கினால் நானே சொல்லி விற்பேன். தேதி போட்டு, பினியனை மாற்றியபோது இருந்த கிலோமீட்டரையும் எழுதி ஆர்.சி. உறைக்குள் வைத்திருக்கிறேன்.

வண்டியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்பது வருடத்தில் எஞ்சினைத் திறந்ததில்லை. தனுஷ்கோடி மணல் காற்றிலும் முதல் உதையில் கிளம்பும். அரிச்சல்முனை வரை அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறேன், ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. இவ்வளவும் நண்பரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "வாங்காத" என்றேன். அவர் முழித்தார். அவருக்கு வருவது வேறு யாரோ ஓட்டிய வண்டி. அதன் மீட்டரில் 38,000 என்று இருக்கிறதாம். அந்த ஹப்புக்குள் எந்தப் பினியன் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வாங்கியே தீருவேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வரட்டும். மச்சினனிடம் ஜி.பி.எஸ். கேட்டு வைத்திருக்கிறேன்.