நாணயச் சேகரிப்புக்கு ஆய்வுப் பதிவேடு: நீண்ட காலப் பயன்பாட்டில் தேறியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பழங்காசு கடையைவிட லயத்து வீட்டுத் தகர டின்னிலும் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலும்தான் அதிகம் அகப்படும். அதனால் பதிவேட்டில் முதல் மரியாதை, காசு வந்த வழிக்கு. ஆண்டும் உலோகமும் எந்த நாணய நூலிலும் கிடைக்கும். எந்தத் தோட்டம், யார் வீடு என்பதை அந்த வாரமே எழுதாவிட்டால் போனது போனதுதான். தோட்டத்துக்கு இரண்டு பெயர் எழுதுங்கள்: நம்மவர்கள் வழங்கும் பெயர், பலகையில் உள்ள பெயர். தோட்டம் கைமாறினால் பலகை மாறும். தாத்தாக்கள் சொல்லும் பெயர் அப்படியே நிற்கும்.

காசுகளின் எண் 0001இல் தொடங்கி வரிசையாக ஓடட்டும். நாட்டையும் ஆண்டையும் எண்ணுக்குள் நுழைக்கும் முறை பார்க்க அழகு, பயன்பாட்டில் தொல்லை. தேய்ந்த 10 காசு நாணயத்தில் 1919 என்று படித்தது பிறகு 1916 என்று தெரிந்தால் உறை, படம், பட்டியல் மூன்றையும் திருத்த வேண்டிவரும். விற்றுவிட்ட காசின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

கணினி அட்டவணையில் தட்டச்சைத் தொடங்குமுன் எண், மதிப்பு இரண்டு பத்திகளையும் 'எழுத்து' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் 0007 வெறும் 7 ஆகிவிடும். நீரிணைக் குடியேற்றக் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) கால்காசை 1/4 என்று அடித்தால் அது தேதியாகிவிடும். அதன்பின் வடிவத்தை மாற்றினாலும் பழையது திரும்பாது, மறுபடி அடிக்க வேண்டியதுதான். வரிசைப்படுத்தும்போது ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தால் ஒரு காசின் எடை இன்னொன்றின் வரிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இது இருப்பதிலேயே மோசம், கண்ணுக்கும் தெரியாது.

எடைக்கு 0.01 கிராம் காட்டும் தராசு, விட்டத்துக்கு பிளாஸ்டிக் காலிப்பர் (இரும்பு கீறும்). நூலில் உள்ள எடையைப் பார்த்து எழுதாமல் தராசு காட்டியதை எழுத வேண்டும். 1903 நீரிணை டாலர் 26.95 கிராம், 1907ஆம் ஆண்டுடையது 20.21 கிராம், இங்கே தராசே பதில் சொல்லிவிடும். ஆனால் மலாயா 10 காசு நாணயத்தில் 1941, 1943 இரண்டும் 2.71 கிராம்தான், வெள்ளியோ 75 விழுக்காட்டிலிருந்து 50க்கு இறங்கிவிட்டது. 1948இல் வந்த செம்பு நிக்கல் காசு 2.83. மலேசிய 1 சென்னுக்குக் காந்தம் ஒட்டுகிறதா என்ற பத்தி ஒன்று போதும்: வெண்கலம் ஒட்டாது, தாமிரம் பூசிய எஃகு ஒட்டும். இப்படிக் கண்டதை ஒரு பத்தியிலும், அதிலிருந்து முடிவுசெய்ததைத் தேதியோடு வேறொரு பத்தியிலும் வைத்தால், முடிவு மாறும்போது ஆதாரம் அழியாது.

படங்கள் முன், பின், விளிம்பு என மூன்று. கோப்புப் பெயர் காசின் எண்ணே. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும், ஆவணமாக அனுப்புங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு, காசு வைக்கும் அட்டைச் சட்டத்தை மூட அடிக்கும் சாதாரண ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடிக்கும், மலிவான பிவிசி உறை காசில் பச்சைப் பசையை விடும். அட்டைச் சட்டத்தில் மைலார் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக் தாள்) சன்னல் உள்ளதையே வாங்குங்கள். எண்ணைப் பென்சிலால், காசை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். கடை ரசீது வெப்பத்தாள் என்றால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து அதே எண்ணில் சேர்த்துவிடுவது நல்லது.